கார்பன் ஃபைபர் கேஸிங் பத்தி ஒரு திருத்தம்

மேல ஒருத்தர் "787 இன்ஜினோட ஃபேன் கேஸிங் வெறும் பிளாஸ்டிக், பிளேடு உடைஞ்சா சிதறிடும், 2021ல டென்வர்ல நடந்ததே சாட்சி"ன்னு போட்டிருக்கார், ரெண்டுமே தப்புங்க. (787ங்கிறது போயிங் விமானம்; ஃபேன் கேஸிங்ங்கிறது இன்ஜின் முன்னாடி சுத்துற ஃபேனைச் சுத்தி இருக்கிற வளையம், பிளேடு உடைஞ்சா துண்டை வெளிய விடாம பிடிக்கிறதுக்கு.) டென்வர்ல பிளேடு உடைஞ்சது பழைய போயிங் 777 விமானத்துல இருந்த பிராட் அண்ட் விட்னி 4077 இன்ஜின்ல, அதோட கேஸிங் அலுமினியம், மேல கெவ்லார்ங்கிற பலமான நார்த்துணி சுத்தினது. பிளேடு துண்டு ஒண்ணு அந்த வளையத்துலயே குத்திட்டு நின்னுச்சு, கழண்டு வீட்டு வாசல்ல விழுந்தது இன்லெட், அதாவது இன்ஜினுக்குக் காத்து உள்ள போற முன்பக்க வாய்.

787ல வர்ற ஜிஇஎன்எக்ஸ்ங்கிற இன்ஜின்லதான் கேஸிங் கார்பன் ஃபைபர், ஜடை மாதிரி பின்னி எபாக்ஸிங்கிற பிசின் ஊத்தி இறுக்கினது, அதனால ஓட்டை விழுந்தாலும் விரிசல் லேசுல ஓடாது. டெஸ்ட்டும் சும்மா கம்ப்யூட்டர்ல இல்ல. அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏவோட விதி 33.94 படி இன்ஜினை உச்ச வேகத்துல ஓடவிட்டு பிளேடை வேணும்னே ஒடைப்பாங்க, பொதுவா அடியில வெடிமருந்து வெச்சு. துண்டு வெளிய வரக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது, இன்ஜின் தானா நிக்கலன்னா குறைஞ்சது 15 செகண்ட் அந்த பேலன்ஸ் போன ரோட்டர் (சுத்துற பாகம்) உலுக்குற உலுக்கல்ல, இன்ஜினை விமானத்தோட பிடிச்சிருக்கிற மவுன்ட் பிச்சுக்கக்கூடாது.

கவலைப்படணும்னா கவுலிங் (இன்ஜினை மூடியிருக்கிற வெளி உறை), இன்லெட் பத்தி படுங்க, 2018ல சவுத்வெஸ்ட் 1380 விமானத்துல ஜன்னலை உடைச்சு ஒரு உயிரை எடுத்தது கவுல் துண்டுதான்.