கௌரவ விரிவுரையாளர் ஸ்ட்ரைக்: 15 நாளில் என்ன போகிறது?

நிரந்தரப் பணி இல்லாமல் அரசுக் கல்லூரியில் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தால் உடனே கிளம்பும் பேச்சு, "பிள்ளைங்க படிப்பு பாழாகுதே" என்பது. பாழாகிறதுதான். எங்கே, எவ்வளவு என்று மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் அரசுக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆட்டம் காண்பது தமிழ்த் துறை. என்ன மேஜர் எடுத்தாலும் முதல் இரண்டு வருடம் பகுதி 1 தமிழ் உண்டு, வாரம் 6 மணி நேரம். 10 டிபார்ட்மென்ட் உள்ள கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வகுப்பு, 120 மணி. ஒருவர் வாரத்துக்கு 16 மணி எடுத்தால் எட்டுப் பேர் வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் இரண்டு பேர்தான் என்றால் அவர்களால் முடிந்தது 32 மணி. மீதி 88 மணியும் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில்தான் ஓடுகிறது. அவர்கள் வெளியே வந்த மறுநாளே வரலாறு, காமர்ஸ், கணிதம் மூன்றையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து 'கம்பைன்டு கிளாஸ்' ஆரம்பமாகும். ஒரு வகுப்பு 2வது யூனிட்டில் நிற்கும், இன்னொன்று 3ஐ முடித்திருக்கும். 180 பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மதியத்துக்கு மேல் நடக்கும் ஷிப்ட் 2 நிலைமை இதைவிட மோசம். பல துறைகளில் அது முழுக்க இவர்களை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது மார்க் கணக்குக்கு வருவோம். வாரம் 6 மணி உள்ள தாளுக்கு ஒரு செமஸ்டரில் 90 மணி. 5 யூனிட், ஒன்றுக்கு 18 மணி. ஆறு நாளைக்கு ஒருமுறை சுழலும் டைம்டேபிளில் (டே ஆர்டர்) 15 வேலைநாள் போனால் 15 மணி போச்சு, ஏறக்குறைய ஒரு முழு யூனிட். "சாய்ஸ்ல விட்டுக்கலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். முடியாது. 75 மார்க் தாள் பல இடங்களில் இப்படி இருக்கும்: 2 மார்க் 10, 5 மார்க் 5, 10 மார்க் 3. 2 மார்க் ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு வரும். 5 மார்க்கில் 'அல்லது' போட்டிருந்தாலும் இரண்டு கேள்வியும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆக 9 மார்க் கண்ணெதிரே போகும். ஐந்தில் மூன்று எழுதச் சொல்லும் கடைசிப் பகுதியில்தான் தப்பிக்கலாம்.

அறிவியல் பிரிவில் இழப்பு நோட்ஸால் ஈடாகாது. டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பது) செய்யும் கைப்பழக்கத்தை வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் தராது. லேப் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் திறன் மாறிப்போகும், பாட்டிலில் பழுப்புப் படிவு தங்கும். ஆக்ஸாலிக் அமிலத்தோடு திரும்ப அளவு பார்க்காமல் பயன்படுத்தினால் வகுப்புக்கே தப்பான ரீடிங் வரும். சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட் என்ற அளவுக் குழாயில் விட்டுவிட்டுப் போயிருந்தால் கண்ணாடித் திருகு இறுகிவிடும், முறுக்கினால் உடையும். திரும்பி வந்த முதல் வாரம் இதையெல்லாம் சரிசெய்வதிலேயே கரையும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் தேர்வுக்கு உட்காரவும் முடியாது.

அட்டெண்டன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. 90 நாள், நாளுக்கு 5 மணி, மொத்தம் 450. தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 338 மணி வேண்டும். விடுப்புக்கு இருக்கும் இடம் 112 மணிதான். "இன்னிக்கு கிளாஸ் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டு அதே 15 நாளை வராத கணக்கில் சேர்த்தால் 75 மணி அங்கேயே தீர்ந்தது. காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வகுப்புக்கு வரும் பையன் இதில்தான் மாட்டுவான். நடக்காத வகுப்பை மொத்த மணியிலிருந்தே கழிக்க வேண்டும் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கம்பைன்டு கிளாஸில் உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்றும் அன்றன்றே பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், தப்பு விரிவுரையாளர்கள் பக்கம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2023இல்தான் மாதச் சம்பளம் 20,000 என்பது 25,000 ஆனது, அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதம் கிடையாது. ஆனால் வீட்டு வாடகை மே மாதமும் உண்டு. நெட், செட் தகுதித் தேர்வு, பிஎச்டி முடித்து, நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே பாடத்தை எடுப்பவர்களுக்கு இது நியாயமே இல்லை. ஸ்ட்ரைக் நாளுக்குச் சம்பளம் இல்லை என்றால் 25,000 கணக்கில் நாளுக்கு 833 ரூபாய் இழப்பு. முடிந்து வந்ததும் விட்ட பாடத்துக்குச் சனிக்கிழமை வகுப்பு. அதற்குத் தனிச் சம்பளம் வராது. மே மாதத்தில் உட்கார்ந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? செமஸ்டர் நடுவில் உட்காருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை.

அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்டர்னல் 25 மார்க் பாட ஆசிரியரின் நோட்டில்தான் இருக்கிறது. போராட்டப் பந்தலுக்குப் போகுமுன் அதுவரை நடந்த டெஸ்ட், அசைன்மென்ட் மார்க்கை வகுப்பு வாரியாக எழுதி, நகலைத் துறையில் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் அப்லோடு செய்யும் கடைசித் தேதி வந்தால், முகம் தெரியாத ஒருவர் எல்லோருக்கும் ஒரே மார்க்கைப் போடும் ஆபத்து இருக்கிறது. நன்றாகப் படித்த பிள்ளைக்கு அது பெரிய அநியாயம்.

கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டியது, விட்ட யூனிட் முடியும் வரை அந்தப் பாடத்தின் அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிவைப்பது. அரசு செய்ய வேண்டியது, விடைத்தாள் திருத்தும் நாள் வரை இதை இழுக்காமல் பேசி முடிப்பது. ரிசல்ட் தள்ளிப்போனால் மூன்றாம் வருடப் பிள்ளைகள் கையில் புரொவிஷனல் சான்றிதழ் இல்லாமல் பி.எட்., எம்.எஸ்சி. அட்மிஷன் வரிசையில் நிற்பார்கள். பெற்றோர் கழகக் கூட்டம் என்று கூப்பிட்டால் ஃபீஸைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடம் எத்தனை, இன்று ஆள் இருப்பது எத்தனை?