நிறம் வேறு, போதை வேறு
கனடாவின் மோல்சன் கனேடியன், லபாட் புளூ போன்ற லாகர் வகை பியர்களில் ஆல்கஹால் குறைவு, சிறிய ஆலைகள் காய்ச்சும் அடர்நிற ஏல் வகை பியர்களில் (கிராஃப்ட் ஏல்) அதிகம், அதனால்தான் சுவையும் கூடுதல் என்று ஒரு கருத்து பகிரப்பட்டிருக்கிறது. அப்படி இல்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே விற்கும் மோல்சன் கனேடியனில் ஆல்கஹால் 5 சதவீதம், லபாட் புளூவிலும் 5. மான்ட்ரியலில் காய்ச்சப்படும் சேன்ட் ஆம்ப்ருவாஸ் ஓட்மீல் ஸ்டவுட் என்ற பியரும் ஏல் வகைதான், பார்க்கக் கரி போல இருக்கும். அதிலும் அதே 5தான்! கறுப்பு நிறமும் காப்பி மணமும் வறுத்த தானியத்திலிருந்து வருபவை. ஆல்கஹாலோ பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது என்பதைப் பொறுத்தது. 7, 8 சதவீத ஏல்களும் உண்டு, சரி. ஆனால் அதை நிறத்தையோ சுவையையோ வைத்துக் கணிக்க முடியாது.

சரிபார்ப்பது சுலபம். கனடாவில் பியர் கேனிலேயே ஆல்கஹால் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். கேன் கையில் இல்லாவிட்டால் ஒன்டாரியோ மாகாண அரசின் மது விற்பனை நிறுவனமான எல்.சி.பி.ஓ. இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கும்.