மஹ்லாங்குவும் ஸ்கேலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அந்நாட்டு இந்தபேலே மக்களின் சுவரோவியம் கற்றுக்கொடுப்பது பற்றிய இந்தத் திரியில், "எஸ்தர் மஹ்லாங்கு ஸ்கேலும் டேப்பும் வைத்துத்தான் கோடு போடுவார், பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள்" என்ற குறிப்பு பலரால் பகிரப்படுகிறது. நல்லெண்ணத்தில் எழுதியதுதான், ஆனால் தகவல் சரியில்லை.

இந்தபேலே ஓவியரான மஹ்லாங்கு ஸ்கேல் வைப்பதில்லை, பென்சிலால் முன்கூட்டி வரைந்துகொள்வதும் இல்லை. கோழி இறகையோ தூரிகையையோ சாயத்தில் தொட்டு வெறுங்கையால் இழுக்கிறார். பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்ற முறை அது. 1991-இல் பிஎம்டபிள்யூ 525i காரில் அவர் தீட்டியதும் இதே இந்தபேலே கோலங்கள்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். யூடியூபில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால், வேலை செய்யும் காட்சிகள் கிடைக்கும். முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்: இறகு எங்கே தொடங்குகிறது, பக்கத்தில் ஸ்கேலோ டேப்போ இருக்கிறதா என்று. அப்புறம் தட்டையான ஓவியம் ஒன்றின் தெளிவான படத்தைப் பெரிதாக்கி, ஒரே கறுப்புக் கோட்டைக் கடைசிவரை பின்தொடருங்கள். தடிமன் லேசாகக் கூடிக் குறையும். டேப் ஒட்டி வரைந்தால் அப்படி வராது.

பாட்டிமார் வாசலில் கோலம் இழுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிதாகவும் இருக்காது. ஸ்கேல் கொடுத்தால் ஐந்து வயதுக் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளவே திண்டாடும், சாயமும் அடியில் ஊறிப் பரவும். கழுவிக் காயவைத்த இறகும் சற்றுக் கெட்டியான கறுப்புப் போஸ்டர் பெயிண்டும் போதும்.