லாடெக்கில் தமிழ் வரும்

ஒரு நண்பர், நூற்றுக்கணக்கான பக்கமுள்ள தொழில்நுட்பக் கையேட்டைத் தமிழில் செய்ய வேர்டை விட்டால் வழியில்லை, லாடெக்கில் (கட்டளைகளோடு எழுதிய உரையைப் பக்கங்களாக வடிவமைக்கும் மென்பொருள்) தமிழே வராது என்கிறார். பலரும் அதையே பகிர்ந்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

வரும். லாடெக்கை இயக்கும் இன்ஜின்களில் ஒன்றான பிடிஎஃப்லாடெக்கில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் 'யூனிகோட் எழுத்து அமைக்கப்படவில்லை' என்ற பிழை வருவது உண்மைதான். அது பழைய இன்ஜின். 2004-இல் வந்த ஸீடெக், பிறகு வந்த லுவாடெக் இரண்டும் யூனிகோடையும் ஓப்பன்டைப் எழுத்துருக்களையும் நேரடியாகக் கையாளும்.

உலாவியிலேயே லாடெக் எழுத உதவும் ஓவர்லீஃப் தளத்தில் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். அங்கே இயல்பாக இருப்பது பிடிஎஃப்லாடெக்தான் (குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது). அமைப்பில் கம்பைலரை ஸீலாடெக் (ஸீடெக்கில் ஓடும் லாடெக்) என்று மாற்றுங்கள். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, முதன்மை எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுங்கள். இலவச எழுத்துருதான், கோப்பையே ப்ராஜெக்டில் ஏற்றிக்கொள்ளலாம். அதோடு ஸ்கிரிப்ட் (எழுத்துமுறை) தமிழ் என்பதையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கலாம். பிறகு 'கொ, கோ, கௌ, ஸ்ரீ' என்று தட்டி பிடிஎஃபைப் பாருங்கள். எழுத்துரு கொடுக்க மறந்தால் பிழை காட்டாமல் பக்கம் வெறுமையாக வரும். லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்ற வரி மட்டும் இருக்கும். அதைப் பார்த்துக் கைவிட்டவர்களும் உண்டு.

உங்கள் குழுவில் எல்லோரும் வேர்டில்தான் திருத்துவார்கள் என்றால் வேர்டையே வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமான காரணம்.