‘மேட்ச் ஆகாதுக்கா’

ஆடி மாசம் பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவளிடம் போய் நலம் விசாரிக்கக் கூடாது. கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கொடை ஃபிளெக்ஸ், அச்சுக்குப் போகும் நேரத்தில் "வில்லுப்பாட்டுக்காரர் பேரு விட்டுப்போச்சே தாயி" என்று வந்து நிற்கும் வரிதாரர்கள். இந்த நெருக்கடியில்தான் எங்க சிஸ்டம் படுத்துக்கொண்டது. இருபதடி ஃபிளெக்ஸை போட்டோஷாப்பில் திறந்தால் நான் டீ குடித்து கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வரலாம், இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் தெரிந்ததுதான். ஐ3-8100 பிராசஸர், எச்310 மதர்போர்டு, அதில் ஒற்றை 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது டேட்டாவை வைத்துக்கொள்ளும் நினைவகம்), டிடிஆர்4 ரகம், ஸ்பீடு 2400. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 8 ஜிபி ஒன்று வாங்கினேன். அதுவும் டிடிஆர்4தான், ஆனால் வேற கம்பெனி, ஸ்பீடு 2666. சிபியுவையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பையன் சொருகினான், ஆன் பண்ணினான், திரை கறுப்பு. பத்து எண்ணுவதற்குள் பவரை அமத்திவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டான்: "மேட்ச் ஆகாதுக்கா. ரெண்டும் வேற வேற ஸ்பீடு. பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஒரே ஜோடியா 2666 ரெண்டு போட்டுருங்க. இல்லன்னா போர்டே போயிரும்."

ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! அவன் சொன்னதில் ஒவ்வொரு வரியையும் வீட்டுக்கு வந்து சோதித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் போர்டு போகும் கதை. டிடிஆர்4 ராம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்தால் போர்டுக்கு என்ன வலிக்கப் போகிறது? டிடிஆர்3-யைக் கொண்டுபோய் அதில் சொருக நினைத்தாலும் முடியாது, பள்ளம் இருக்கும் இடமே வேற.

அடுத்தது அந்தக் கறுப்புத் திரை. பழைய 4 ஜிபியைக் கழற்றிப் பார்த்தால் தங்கநிறக் கால்கள் மங்கிக் கிடக்கின்றன. நாலு வருஷத்து டோனர் பொடி. கடையில் வேலை பார்க்கிற பயலிடம், "ஏலே, அந்த அழிரப்பரை எடு" என்றேன். மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்'கென்று பூட்டு விழும் வரை அழுத்தி மாட்டி ஆன் பண்ணினோம். அப்பவும் கறுப்புதான். ஆனால் நான் அமத்தவில்லை. புது ராம் போட்டதும் போர்டு அதை ஓட்டிப் பார்த்து நேரக்கணக்குகளைச் சரிசெய்துகொள்ள கொஞ்சம் அவகாசம் எடுக்கும், சில சமயம் தானாகவே அணைந்து எழும். அரை நிமிஷம் கழித்து விண்டோஸ் வந்தது. 12 ஜிபி.

இனி ஸ்பீடு. வண்டியில் பூட்டின ஜோடி மாட்டில் ஒன்று மெதுவாக நடந்தால் மற்றதும் அதே நடைதான் நடக்கும். ராமும் அப்படித்தான். ஒவ்வொரு ராமிலும் ஒரு பொடி சிப்பில் அதன் ஜாதகம் எழுதியிருக்கும், போர்டு அதைப் படித்து ரெண்டுக்கும் ஒத்துவருகிற வேகத்தில் ஓட்டும். என் 2666 இப்போது 2400-ல் ஓடுகிறது. நஷ்டம்தானே என்பீர்கள். ஐ3-8100 தாங்குவதே 2400 வரைதான்! அந்தப் பையன் சொன்னபடி ஒரே ஜோடியாக 2666 வாங்கிப் போட்டிருந்தாலும் இதே வேகம்தான் கிடைத்திருக்கும். இதை அவனே ஒரு தடவை பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

(ராம் ஓடும் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறவர்கள் 1200 என்று காட்டியதும் ஏமாந்துவிட்டோம் என்று பதறாதீர்கள். ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும், ஆகவே 2400.)

உண்மையில் பார்க்க வேண்டியது சேனல், அதாவது ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் டேட்டா போகும் பாதை. எங்க அம்மா ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அங்கே அணையிலிருந்து வடகால், தென்கால் என்று ரெண்டு வாய்க்கால் பிரியும். ஒன்றை அடைத்து வைத்துவிட்டு மற்றதில் மட்டும் தண்ணீர் விட்டால் எப்படியோ, அப்படித்தான் ஒற்றை ராம் போட்ட கம்ப்யூட்டர். 2400-க்கு ஒரு சேனலில் கணக்குப்படி நொடிக்கு 19.2 ஜிபி, ரெண்டும் திறந்தால் 38.4. எங்க சிஸ்டத்தில் சோதித்தபோது தனி 8 ஜிபிக்கு 17 சொச்சம் வந்தது, ரெண்டையும் போட்டதும் 30-ஐத் தாண்டியது. 4-ம் 8-ம் சமம் இல்லையே என்றால், 4-க்கு 4 சேர்ந்து 8 ஜிபி ரெண்டு வாய்க்காலிலும் ஓடும், மிச்சம் 4 ஒற்றை வாய்க்காலில் ஓடும். இன்டெல் இதற்கு ஃபிளெக்ஸ் மோடு என்று பேர் வைத்திருக்கிறது. கடைக்காரர்கள் வாயில் இந்தப் பேரை நான் கேட்டதே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைத்தால் நானும் வியாபாரிதான். சோதனை எண் ஏறக்குறைய ரெட்டிப்பானது, என் வேலை ரெட்டிப்பாகவில்லை. 8 மட்டும் போட்டபோதும் 12 போட்டபோதும் சாதாரண நோட்டீஸ் வேலையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. 4-லிருந்து ஏறினதுதான் உயிர் கொடுத்தது, ஏனென்றால் ராம் நிறைந்ததும் விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் போய் எழுத ஆரம்பிக்கும், அந்த வட்டம் சுற்றியதெல்லாம் அதனால்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுகிறவர்களுக்கு ரெண்டாவது சேனல் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு ராம்தான் சாப்பாடு. என்னைப் போல கொடை நோட்டீஸ் அடிப்பவளுக்கு முதலில் அளவு, பிறகு சேனல், ஜோடிப் பொருத்தம் கடைசி.

பொருந்தாதது பொருந்தாமலே போகவும் செய்யும், அதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்எம்பி என்ற போர்டு செட்டிங்கைப் போட்டு ராம் வேகத்தை இழுப்பவர்கள், நாலு ஸ்லாட்டிலும் நாலு விதமாகச் சொருகுபவர்கள், டிடிஆர்5 வாங்குபவர்கள் ஒரே பெட்டியில் வரும் ஜோடியையே வாங்குங்கள். கடைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு: நாளைக்கு சிஸ்டம் தொங்கினால் நாம் போய் அவரிடம்தானே கத்துவோம். ஆனால் அதற்கு மருந்து சோதனை, பத்து நொடியில் தீர்ப்பு இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் பண்ணலாம். நான் ராத்திரி கடை அடைக்கும்போது ஓட விட்டேன். முதல் நாள் நடுராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது, எல்லாம் முதலிலிருந்து. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நாலு சுற்று முடிந்திருக்கிறது, ஒரு சிவப்பு வரிகூட இல்லை. ஒரே ஒரு தப்பு காட்டியிருந்தாலும் ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டி, எது என்று பார்த்து, புதுசாக இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அந்த பென்டிரைவ் கடை டிராயரில்தான் கிடக்கிறது. பாளை, மேலப்பாளையம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். ஆடி முடியட்டும், அதுவரை கை ஒழியாது.