டிவி போகவில்லை அண்ணே, கேபிள்தான் தப்பு

மூன்றாவது தடவையும் அதே மஞ்சள் வயர்! பள்ளத்தூரிலிருந்து இந்த வெயிலில் காரைக்குடிக்கு வண்டி ஓட்டிப் போய், கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன்: "அண்ணே, பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷினுக்கு காம்போனென்ட் கேபிள். படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு. சத்தத்துக்குச் சிவப்பு, வெள்ளை. மொத்தம் அஞ்சு பின்." அஞ்சு விரலையும் விரித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனவர் கொண்டுவந்து வைத்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை.

"இது இல்லண்ணே."

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கலர்தான் வேற."

எப்படி ஒன்றாகும்? மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. டிவி அதைத் திரும்பப் பிரிக்கத் திணறும்போதுதான் சிவப்பு கரையைத் தாண்டி வழிகிறது, எழுத்து ஓரமெல்லாம் புள்ளி ஊர்கிறது, ஸ்கோர் மூன்றா எட்டா என்று தெரியாமல் அக்கா மகன் டிவியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்காருகிறான். காம்போனென்ட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி வயரில் வருவதால் இந்தக் கலப்படமே கிடையாது. நம் 29 இன்ச் பெட்டியின் பின்னால் அதற்கான பச்சை, நீலம், சிவப்பு மூன்று ஓட்டையும் வாங்கிய நாளிலிருந்து சும்மா கிடக்கின்றன.

முதல் தடவை அட்டையில் அஞ்சு பின் படம் போட்டிருந்தது, உள்ளே மூன்றுதான் இருந்தது. இரண்டாம் தடவை, "மஞ்சளைப் பச்சை ஓட்டையில சொருகுங்க, வந்துரும்" என்றார். வந்தது, கறுப்பு வெள்ளையில்! பச்சை ஓட்டை வெளிச்சத்தை மட்டும்தான் வாங்கும், நிறம் வர மற்ற இரண்டு வயரும் வேண்டும். இதைப் போய்ச் சொன்னதற்கு மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"பிக்சர் டியூப் போச்சு தம்பி. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு எல்இடி வாங்கிருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் கொடுத்த தப்பு வயருக்கு எங்கள் வீட்டு டிவிமேல் பழி! அந்த டியூபில் இன்றைக்கும் நிறம் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் கேம் மெஷின் 2000-ல் வந்தது. பெரும்பாலான கேமில் ஒற்றைப்படை வரிகளை ஒரு தரம், இரட்டைப்படை வரிகளை ஒரு தரம் என்று மாற்றி மாற்றித்தான் படத்தை அனுப்பும். டியூப் டிவி அதை அப்படியே வரையும். எல்இடி அந்த இரண்டையும் சேர்த்து, இழுத்துப் பெரிதாக்க வேண்டும். மாடியில் இருக்கும் புது டிவியில் போட்டுப் பார்த்துவிட்டேன். படம் மசமசவென்று இருக்கிறது, பட்டனை அமுக்கிய பிறகுதான் கார் யோசித்துத் திரும்புகிறது.

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா ஷார்ப்னஸை நூறில் வைத்திருக்கிறார். "தெளிவா இருக்குல்ல?" என்கிறார். எங்கே தெளிவு? எல்லாவற்றையும் சுற்றி வெள்ளைக் கோடு! ஷார்ப்னஸ் ஓரத்துக்குக் கோடு போடும், இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. பாதிக்குக் கீழே இறக்கி வைத்தேன். காபி குடித்து வருவதற்குள் மறுபடியும் நூறு.

இந்தக் கேபிளுக்கு ஏற்றபடி மெஷின் செட்டிங்கில் காம்போனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபியிலிருந்து ஒய் என்று தொடங்கும் மற்றதுக்குக் கூட மாற்றி வைத்துவிட்டேன். கேபிள் ஒன்றுதான் பாக்கி. லீவு முடிய நாலு நாள் இருக்கிறது. அந்தப் பிள்ளை தினமும் "மாமா, வந்துருச்சா?" என்று முகப்பிலேயே நிற்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

இதில் இன்னொன்று. இன்று நான் கடையில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், வளவில் இருந்த அப்பத்தாவின் இனாமல் தூக்குச்சட்டிகளைச் சித்தப்பா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஏழும்! "பழசுதானே" என்கிறார். ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நாளைக்குக் காலையில் அந்தப் பழைய சாமான் கடை திறக்கும்போது அங்கே நிற்கப் போகிறேன்.