வீடு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

"உங்க பேர்ல கரண்ட் பில் இருக்கா?"

கேட்ட லைசன்ஸ் ஆபீஸ் கவுண்டர் அம்மா குரல்ல கோபம்கூட இல்ல. அதான் இன்னும் எரியுது.

அமெரிக்கால மாநிலம் மாறிக் குடிபோனா 30 நாளுக்குள்ள ட்ரக் லைசன்ஸையும் மாத்தணும். அந்த 30 நாள்ல நான் வீட்டுல இருந்தது நாலே நாள். சனி, ஞாயிறு, பிரசிடெண்ட்ஸ் டே லீவு விட்ட திங்கள், அப்புறம் ஒரு செவ்வாய். செவ்வாய் காலைல ஏழு மணிக்கே போய் வாசல்ல நின்னேன். எந்த மாநிலம்னு சொல்ல மாட்டேன், மறுபடி அதே கவுண்டர்லதான் போய் நிக்கணும்.

கரண்ட் பில் என் பொண்டாட்டி பேர்ல. வாடகை ஒப்பந்தமும் அவ பேர்லதான். கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நான் வயோமிங்ல இருந்தேன். காத்து அடிக்குதுன்னு ஐ-80 ஹைவேயை மூடிட்டான், காலி ட்ரெய்லரோட தொட்டில் மாதிரி ஆடிட்டு உக்காந்திருந்தேன். சரின்னு பேங்க் ஸ்டேட்மெண்டைப் போன்ல காட்டினேன். பிரிண்ட் வேணுமாம். லைப்ரரிக்கு ஓடிப் பிரிண்ட் எடுத்துட்டு வந்தா, மறுபடி புது டோக்கன். ரெண்டரை மணி நேரம் கழிச்சு என் நம்பர் வருது, நீட்டுறேன், அதுல பழைய மாநிலத்து அட்ரஸ்! சம்பளச் சீட்டுலயும் அதேதான். புது லைசன்ஸ் கொண்டா, அட்ரஸ் மாத்துறேங்குது கம்பெனி. புது அட்ரஸ் கொண்டா, லைசன்ஸ் மாத்துறேங்குது கவுண்டர்.

"அப்போ நீங்க நெஜமா எங்கதான் தங்குறீங்க?"

"ஸ்லீப்பர்ல மேடம். சீட்டுக்குப் பின்னாடி, ஆறரை அடிக் கட்டில்."

"அது அட்ரஸ் இல்லையே."

ஃபெடரல் விதில எழுதி வெச்சிருக்கிறதைக் கேளுங்க. உண்மையான, நிலையான, நிரந்தரமான வீடு எந்த மாநிலத்துல இருக்கோ, வெளிய போனா எங்க திரும்பி வர்ற எண்ணம் இருக்கோ, அதுதான் நம்ம மாநிலமாம். எண்ணமாம்! ராத்திரி ரெண்டு மணிக்கு நெப்ராஸ்கால பார்க்கிங் கிடைக்காம சுத்துறவனுக்கு அந்த எண்ணத்தைத் தவிர வேற என்னய்யா இருக்கு? அது எந்த பில்லுல வரும்?

ஒருத்தருக்கு ஒரே லைசன்ஸ்னு 1986-ல சட்டம் கொண்டு வந்தது நியாயம்தான். அதுக்கு முன்னாடி மாநிலத்துக்கு ஒண்ணா வாங்கி வெச்சுக்கிட்டு, அபராதத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுத் தப்பிச்சிருக்கானுங்க. எவனோ நாலு லைசன்ஸ் வெச்சிருந்ததுக்கு நான் ஒண்ணே ஒண்ணுக்கு இந்தப் பாடு படணுமா?

2017 டிசம்பர்ல இருந்து வண்டிக்குள்ள, ஓட்டுற நேரத்தைத் தானா குறிச்சு வெக்கிற எலக்ட்ரானிக் லாக் புக் வேற. 11 மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஓட்டினாலும் செவப்பா எரியும். நான் எங்க நின்னேன், எங்க கிளம்பினேன், எல்லாம் அதுல இருக்கு. ரோட்டுல கை காட்டுற எந்த இன்ஸ்பெக்டரும் கேட்டு வாங்கிப் பாக்கலாம். நான் இருக்குற இடம் தெரியும், குடியிருக்குற இடம்தான் தெரியாது!

இதுக்கு நடுவுல ஹேஸ்மேட், அதான் ஆபத்தான சரக்கு ஏத்துறதுக்கான எழுத்துத் தேர்வைத் திரும்ப எழுதணும்னு ஒரு போடு போட்டாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணியிருந்தா வேண்டாமாம். நான் பாஸ் பண்ணி ரெண்டு வருஷம் மூணு மாசம். மூணு மாசத்துல பெட்ரோல் தீப்பிடிக்கிறதை நிறுத்திடுச்சா?

கடைசில, நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்னு பொண்டாட்டி கையெழுத்துப் போட்டுக் குடுத்தா யோசிப்பாங்களாம். போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"மாசத்துல நாலு நாள் வர்றீங்க, அதுலயும் மூணு நாள் தூங்குறீங்க. பொய்க் கையெழுத்துன்னு என்னை உள்ள வெச்சுட்டா?"

பார்க்கிங்ல நின்னு பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சேன்.

அதை விடுங்க. இந்த ட்ரக் ஸ்டாப்ல டீ கேட்டா ஒரு கப் வெந்நீரையும் நூல் கட்டின பொட்டலத்தையும் கைல குடுத்து காசு வாங்குறானே, அதை ஒருத்தராவது தட்டிக் கேட்டீங்களா?